வெளியே தெரிந்த தையல்

தையல் வெளியே தெரிய யாரும் உடுத்துவதில்லை. திருப்பூரில் எவரும் எழுதிவைக்காத சட்டம் அது. பனியன் கம்பெனியில் தையல் பிசகு பார்க்கும் செக்கிங் மாஸ்டரான வேல்குமாரின் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

மகள் யாழினிக்குத் தோலில் கரப்பான் அரிப்பு. குளித்த ஈரம் காயுமுன் களிம்பு பூசிய அம்மா கலைமகள், பனியனின் உட்புறத்தை வெளியே திருப்பி மாட்டிவிட்டாள்.

"தையல் உரசாம இருந்தா அரிப்புக் கொறையும்னு டாக்டர் சொன்னாருல்ல கண்ணு?"

"பால்வாடியில சிரிப்பாங்கம்மா. அப்பாவும் வைவாரு."

வேல்குமார் எட்டிப் பார்த்தான். முகம் இறுக உள்ளே போனான். மாற்றுச் சட்டை எடுக்கத்தான் போகிறான் என்று கலைமகள் பதறினாள்.

திரும்பி வந்தவனின் டீ-சர்ட்டில் தையலும் லேபிளும் வெளியே இருந்தன.

"ஏனுங்க, கம்பெனிக்கு இப்படியேவா?"

"ஆமா. மொதல்ல என்னையப் பார்த்துச் சிரிக்கட்டும். வண்டியில ஏறு கண்ணு, பால்வாடி வழியாத்தான் போறேன்!"