ரோதமுனிக்கு நேந்த கிடா

“எழுபதாயிரம் தர்றேண்ணே. கிடாய அவுத்து விடுங்க.”

ராகலையிலிருந்து வந்திருந்த ஆட்டு வியாபாரி மாயாண்டி காசை நீட்டினான். இராமையா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டத்து லய வீட்டு வாசலில் கட்டியிருந்த கிடாய்க்குக் கையால் புல் ஊட்டிக்கொண்டிருந்தார்.

“இது நம்ம தோட்டத்துச் சாமி ரோதமுனிக்கு நேந்துவிட்டது, தம்பி. மக சவூதிக்குப் போன அன்னிக்கு, அவள வீட்டுக்குக் கொண்டாந்து சேத்துரு சாமின்னு நேந்துக்கிட்டேன். சேத்துருச்சு.”

“கிருஷாந்தி வந்துருச்சா! எப்பண்ணே?”

“பத்து நாளாச்சு. கட்டுநாயக்கா ஏர்போட்டுக்கு வேன் புடிச்சுப் போயிக் கொண்டாந்தோம்.”

மாயாண்டிக்கு இப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால், ஒழுகுகிற கூரைக்குத் தகரம் வாங்க வழியில்லை என்று புலம்பிய மனிதர் இவர். வெளிநாட்டுக் காசு வந்ததும் எழுபதாயிரம் தூசாகிவிட்டது!

“போன வெள்ளிக்கிழமை கோயில்ல பூசை நடந்துச்சே. அன்னிக்கே வெட்டியிருக்கலாமே?”

“இப்ப நாங்க கோயிலுக்குப் போகக்கூடாது. அடுத்த மாசந்தான்.”

வீட்டில் ஏதோ தீட்டு போலிருக்கிறது என்று மாயாண்டி நினைத்துக்கொண்டான். “அப்ப நல்லதாப் போச்சு. சின்னக் குட்டி ஒண்ணு நான் தர்றேன், அத வெட்டுங்க. மிச்சக் காசுல தகரத்த மாத்துங்க. சாமிக்குத் தெரியவா போகுது?”

“தெரியும். அது சொல்லு மாறல. நான் மாறலாமா?”

மாயாண்டிக்குக் கோபம் வந்தது. “புதுக் காசு பேச வைக்குது” என்று முணுமுணுத்தபடி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

“தங்கச்சி கிருஷாந்தி! நீயாவது ஒங்கப்பாகிட்டச் சொல்லும்மா!”

உள்ளேயிருந்து இராமையாவின் மனைவி விம்மி அழுகிற சத்தம்தான் வந்தது.

இராமையா எழுந்தார். தேயிலைச் சரிவின் ஓரத்தில் தெரிந்த புது மண்மேட்டைக் கை காட்டினார்.

மாயாண்டி கையிலிருந்த காசைச் சட்டைப் பைக்குள் திணித்தான். “பொட்டியிலயா வந்துச்சு? இந்தச் சாமிக்கா அண்ணே கிடா வெட்டப் போறீங்க?”

“சாமி மேல குத்தமில்ல, தம்பி.” இராமையா கிடாயின் முதுகைத் தடவினார்.

“உசுரோடன்னு சொல்ல நான்தான் மறந்துட்டேன்.”