டப்பாவை எடுத்துக்கொண்ட சிஸ்டர்

"இது இன்னா டப்பா?"

கட்டிலுக்கு அடியில் இருந்த துணிப்பையிலிருந்து பால் பவுடர் டப்பாவைக் கையில் எடுத்தபடி நிமிர்ந்தாள் நர்ஸ் விஜயகுமாரி.

சூரியபிரகாஷ் கட்டிலோரத்திலிருந்து எழுந்தான். "குழந்தைக்கு, சிஸ்டர். பொறந்ததுலேர்ந்து சரியாவே குடிக்கல..."

"டாக்டர் எழுதிக் குடுத்தாரா?"

"இல்ல. நானே மெடிக்கல்ல வாங்கினேன்."

"அப்ப என்கிட்ட இருக்கட்டும். வீட்டுக்குப் போறப்ப வாங்கிக்குங்க."

டப்பாவோடு போய்விட்டாள்.

அவன் மனைவி எழிலரசியின் மடியைப் பார்த்தான். விடியற்காலை வரை வீல் வீலென்று கத்திய பெண் குழந்தை, மத்தியானம் ஆகியும் இப்போது அழவே இல்லை. அதுதான் அவனுக்குப் பயம்.

போன வருஷமும் இப்படித்தான். குறைமாசத்தில் பிறந்த பையன் கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் அழவில்லை. அப்புறம் அவனே இல்லை.

எதிர்க் கட்டில் காலியாகக் கிடந்தது. அதில் இருந்த குழந்தையைக் காலையில்தான் ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். என்ன ஆச்சு என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

"ஏங்க, மூச்சு விடுறாளா பாருங்க."

குழந்தையின் மூக்கருகே விரலை வைத்தான். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தோல் வெட்டுகிற கை. மூச்சு அதில் மெல்லப் பட்டது.

"விடுறா."

விஜயகுமாரி கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"கொழந்தையோட துணியை எடும்மா. வெறும் உடம்பா உன் மார் மேல படுக்க வை."

"குளிருமே சிஸ்டர்..."

"உன் சூடு போதும்." மேலே ஒரு போர்வையை இழுத்துவிட்டாள்.

"எனக்குப் பாலே இல்ல சிஸ்டர். பார்க்க வர்றவங்க எல்லாம் அதையேதான் சொல்லிட்டுப் போறாங்க."

"பார்க்க வர்றவங்களுக்கு இன்னா தெரியும்? முதல்ல சொட்டுச் சொட்டாத்தான் வரும். இவ வயிறும் அவ்ளோ சின்னதுதான்."

மார்பை எப்படி அழுத்துவது என்று செய்து காட்டினாள். மஞ்சளாகச் சில சொட்டுகள் ஸ்பூனில் விழுந்தன. அதைக் குழந்தையின் உதட்டில் விட்டாள். விழுங்கியது. ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. மார்பில் வாய் வைத்தால் உடனே நழுவியது.

மறுபடி வைத்தாள். மறுபடி நழுவியது.

எழிலரசி தேம்ப ஆரம்பித்தாள். சூரியபிரகாஷால் பொறுக்க முடியவில்லை.

"போதும் சிஸ்டர்! டப்பாவைக் குடுங்க. புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

"எடை பார்த்தாச்சு, சுகர் பார்த்தாச்சு. டாக்டரும் பார்த்துட்டாரு. ஆபத்துன்னா நானே பால் கலக்கி எடுத்துட்டு வருவேன்."

அவள் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள், "இப்படியே மார் மேலயே வெச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனாள்.

காலில் விழுந்தாவது டப்பாவை வாங்கிவிடுவது என்று அவனும் பின்னாலேயே போனான். நர்ஸுகள் அறை வாசலில் அவள் பேசுவது கேட்டது.

"இன்னும் அழறானா? பவுடர் பாலைக் கலக்கிக் குடும்மா. துப்பினாலும் விடாத, கொஞ்சம் கொஞ்சமா குடு. நான் வந்துடறேன்."

அவனுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"நல்லா இருக்குது சிஸ்டர்! உங்க புள்ளைக்குப் பவுடர் பாலு. என் புள்ள மட்டும் பட்டினி கெடக்கணுமா?"

விஜயகுமாரி திடுக்கிட்டுத் திரும்பினாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

"ஏங்க!"

வார்டிலிருந்து எழிலரசியின் அலறல்.

சூரியபிரகாஷ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். போன வருஷமும் அவள் இப்படித்தான் கூப்பிட்டாள். விஜயகுமாரி அவனைத் தாண்டி ஓடினாள். ஒருவழியாக அவனும் ஓடினான்.

எழிலரசி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க, தானாவே தேடிப் புடிச்சுட்டா!"

குழந்தையின் கன்னம் அசைந்துகொண்டிருந்தது. விஜயகுமாரி குனிந்து அதன் தலையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்தாள். "முழுங்கற சத்தம் கேக்குதா?"

கேட்டது. சூரியபிரகாஷ் தரையிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

குழந்தை தானாக வாயை எடுக்கும்வரை விஜயகுமாரி அங்கேயே நின்றாள். இன்னொரு பக்கம் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். அப்புறம் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

எழிலரசிக்கு வெந்நீர் பிடிக்க வந்தவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். கைப்பையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி அவள் ஓடிக்கொண்டிருந்தாள். அடங்கியிருந்த கோபம் மறுபடி கிளம்பியது. பக்கத்தில் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த கிறிஸ்டினா சிஸ்டரிடம் கொட்டினான்.

"என் புள்ள குடிச்சிட்டா, சந்தோஷம். ஆனா அந்த சிஸ்டர் பண்றது நியாயமா? அவங்க வீட்ல பவுடர் பாலு, நம்மகிட்ட மட்டும் சட்டம். இப்ப பாருங்க, டியூட்டி முடியறதுக்குள்ள ஓடறாங்க!"

கிறிஸ்டினா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள்.

"அவளுக்கு நைட் டியூட்டி சார், காலையிலேயே முடிஞ்சிடுச்சு. உங்க கொழந்தை வாய் வெச்சுக் குடிக்கிற வரைக்கும் போக மாட்டேன்னு உக்காந்துட்டா. நேத்து ராத்திரிலேர்ந்து அவ கைக்குழந்தை அங்க தாய்ப்பாலுக்கு அழுதுட்டிருக்குது."