எட்டாவது பெயர்

டெலானி படிவத்தை மேசைமேல் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு. அதில் தேறிவிட்டால் முதல் நுண்கணித வகுப்பில் உட்கார வேண்டாம். நேரே அடுத்ததற்குப் போய்விடலாம். எழுதுவதா, பேசாமல் வகுப்பிலேயே உட்காருவதா என்று அவளுக்கு இரண்டு மனசு. புரொஃபசர் யூனிஸ் சொல்கிறபடி செய்வதாகச் சொன்னாள்.

யூனிஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அது சுத்தமாகவே இருந்தும்.

அயோவாவின் இந்தச் சின்னக் கல்லூரியில் எட்டுப் பேர் சேர்ந்தால்தான் ஒரு வகுப்பை நடத்துவார்கள். குறைந்தால் அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, இருக்கிறவர்களைக் கணினித் திரைமுன் உட்காரவைப்பார்கள். யூனிஸின் முதல் நுண்கணித வகுப்புப் பட்டியலில் சரியாக எட்டுப் பெயர். எட்டாவது டெலானி. வருகிற மே மாதம் யூனிஸ் ஓய்வு பெறுகிறாள். இந்த இலையுதிர்காலத்தை விட்டால் அந்த வகுப்பு அவளுக்கு இனி இல்லை.

காலையில்தான் பதிவாளர் லைல் வாசலில் தலையை நீட்டி, அந்த எட்டாவது ஆளை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிடு யூனிஸ், கயிறு என் வண்டியில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு காலத்தில் கயிறா வேண்டியிருந்தது? பக்கத்து அறையிலிருந்து நாற்காலி இழுத்துவந்து போட்ட வருஷங்கள் உண்டு. சோளக்காட்டிலிருந்து நேராக வந்து, ஈரப் பூட்ஸோடு பின்வரிசையில் ஒதுங்குவார்கள்.

தொகையிட்டு முடித்ததும் விடையின் வாலில், தெரியாத மாறிலிக்காக, 'கூட்டல் C' என்று ஒன்று போட வேண்டும். தினம் யாராவது மறப்பார்கள். மறந்தவர் மறுநாள் எல்லோருக்கும் குக்கீ கொண்டுவர வேண்டும். ஆங்கிலத்தில் குக்கீக்கும் முதலெழுத்து அதே C. யூனிஸ் போட்ட சட்டமில்லை அது, எண்பத்தொன்பதில் ஒரு வாயாடிப் பெண் ஆரம்பித்து வைத்தது. அக்டோபர் வந்தால் அறையெல்லாம் வெண்ணெயும் இலவங்கப்பட்டையும் மணக்கும். டுவேன் என்று ஒருவன் ஒன்பது தரம் மறந்தான். அவன் அம்மா போன் போட்டு, என் பிள்ளைக்குக் கணக்கு வருமா வராதா, வீட்டில் மாவு தீர்ந்துபோச்சு என்றாள்.

யூனிஸ் ஒரு தாளில் கணக்கு எழுதி டெலானி பக்கம் நகர்த்தினாள். போட்டுக் காட்டச் சொன்னாள்.

மறந்துவிடு பெண்ணே, அந்த ஒன்றை மட்டும் மறந்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

டெலானி மூன்று வரியில் முடித்தாள். கடைசியில் கூட்டல் C. அதைச் சுற்றி ஒரு வட்டம் வேறு.

யூனிஸ் இன்னொன்று கொடுத்தாள், கொஞ்சம் முரண்டு பிடிக்கிற கணக்காக. அதுவும் அப்படியே.

அஸ்திவாரம் பலமாக இருக்கட்டும், ஒருதரம் உட்கார்ந்தே போ என்று சொல்லலாம். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு அது தேவைப்பட்டது. இவளிடம் சொன்னாலும் பொய் என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

டெலானி முந்திக்கொண்டாள்.

"இதைத் தாண்டிப் போனவங்க பின்னாடி ஏங்குவாங்கன்னு எங்க ஸ்கூல் சார் சொல்வாரு. நிஜமா? நீங்க யார்கிட்ட படிச்சீங்க இந்த வகுப்ப?"

யூனிஸ் பேனா மூடியைக் கழற்றினாள்.

"யார்கிட்டயும் இல்ல. பதினேழு வயசுல நானும் பரீட்சை எழுதித் தாண்டிட்டேன்."

டெலானி சிரித்துவிட்டாள். பிறகு என்ன யோசனை, எழுதிவிடுகிறேன் என்று கையெழுத்தான படிவத்தை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனாள்.

ஏங்குவார்களா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால், முப்பத்தாறு வருஷமாக அதே ஒரு வகுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டது எதற்கென்று யூனிஸ் சொல்லியிருப்பாள்.