மாமியார் வைத்த மீன் குழம்பு

"எங்கம்மா மீன் குழம்பு வெச்சாங்கன்னா, தெருநாய்கூட மோந்து பாத்துட்டு நகந்துரும்" என்றான் நஞ்சுண்டன்.

விருந்துக்கு வந்திருந்த ஜெயபிரகாஷும் அவன் மனைவியும் சிரித்தார்கள். சமையலறையில் 'ஃபிஷ் பை' என்ற சுட்ட மீன் பண்டத்தை வெட்டித் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்த பிரீத்திக்குச் சிரிப்பு வரவில்லை.

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கணவன் நஞ்சுண்டன் இந்தப் பேச்சை எடுத்துவிடுவான். பவானியில் அம்மா கெண்டை மீனைச் செதில்கூடச் சரியாக எடுக்காமல் குழம்பில் போட்டது, புளியைக் கரைத்து அப்படியே கொட்டியது, அடிப்பிடித்ததைச் சுரண்டிப் பரிமாறியது. சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டுவான். முகம் பூரித்துப் போகும். அந்த அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது.

பிரீத்தியின் ஃபிஷ் பைக்கு ஆபீஸ் முழுக்கப் பேர். பாலிலும் வெண்ணெயிலும் வெந்த காட் மீன், இடித்துப் போட்ட மிளகு, மேலே பொன்னிறமாக முறுகிய உருளைக்கிழங்கு மசியல். அதைச் சாப்பிட்டுவிட்டு நஞ்சுண்டன் சொல்வது ஒரே வார்த்தை: "சூப்பர்." ரசத்துக்கும் அதே சூப்பர்தான். உப்புமாவுக்கும் அதேதான்.

நன்றாகச் சமைக்கிறவளுக்கு ஒரு வார்த்தை, சமைக்கவே தெரியாதவளுக்கு ஒரு மணி நேரம். செத்துப்போனவளோடு போட்டி போடுவது கேவலம் என்று பிரீத்திக்கும் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் துணிந்துவிட்டாள். அதே ஃபிஷ் பைதான், ஆனால் மீனில் முள்ளை எடுக்கவில்லை. உப்பை இரண்டு கை அள்ளிப் போட்டாள். அடி நன்றாகக் கரியும்வரை அடுப்பை அணைக்கவும் இல்லை. இன்றைக்காவது முகம் சுளிக்கட்டும், திட்டட்டும், ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கட்டும்.

நஞ்சுண்டன் முள்ளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டான். இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டான். இத்தனை நாளாக அவன் ஏங்கியது இந்தக் கண்றாவிக்குத்தானா என்று பிரீத்திக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கம்மா வெச்ச மாதிரியே இருக்குதுங்களா?" என்று கேட்டேவிட்டாள்.

"ச்சே, அது எங்க, இது எங்க. உன்னுது எப்பவும்போல சூப்பர்."

அதற்குள் ஒரு வாய் வைத்துவிட்ட மகள் தீக்ஷா அதை அப்படியே தட்டில் துப்பினாள். "அப்பா, இட்ஸ் ஆல் சால்ட். ஹவ் ஆர் யூ ஈட்டிங் திஸ்?"

நஞ்சுண்டனின் கை நின்றது. மகளைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். அவள் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முந்தி எனக்கு அந்தக் கொரோனா காய்ச்சல் வந்துச்சில்ல பிரீத்தி, அப்பப் போன ருசியும் வாசனையும் இன்னும் திரும்பவே இல்ல. நீ ஆசை ஆசையா செய்யறயேன்னுதான் சொல்லல" என்றான். "மத்ததெல்லாம் மறந்து போச்சு. எங்கம்மாவோட அந்தக் கரிஞ்ச மீன் ஒண்ணுதான் இன்னும் நாக்குல நிக்குது, அதுவும் போயிரக் கூடாதுன்னுதான் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டே இருக்கறேன்."