‘இ’ மட்டும் வராத குட்டி

"ஊருப் பிள்ளையெல்லாம் வீட்டுக்குப் போயாச்சு. என் பொண்ணை மட்டும் எதுக்கு டீச்சர் தினமும் பிடிச்சு வச்சிருக்கீங்க?"

பாலர் வகுப்பு வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள் அம்மாக்காரி. தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறவள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அவள் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெரு திரும்பிப் பார்க்கும். இன்றைக்கு மெதுவாகவும் பேசவில்லை.

டீச்சர் சாக்பீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கோபப்படாதீங்கம்மா. ‘இ’ மட்டும் இன்னும் வரலை. அதான் ஒரு அரை மணி நேரம்..."

"வரலையா? எங்க வீட்டுச் சுவத்தை வந்து பாருங்க. பீரோ, கதவு, ஃபிரிட்ஜ் எல்லாத்துலயும் ‘இ’தான். வீட்டு ஓனர் என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறார்!"

டீச்சர் சிலேட்டை நீட்டினாள். பன்னிரண்டு எழுத்தில் பதினொன்று முத்து முத்தாக இருந்தன. ‘இ’ மட்டும் சுழி மறுபக்கம் திரும்பி, குப்புற விழுந்து கிடந்தது.

அம்மாக்காரிக்குச் சுருக்கென்றது. கேட்டில் நிற்கும் மற்ற அம்மாக்கள் ஒரு வாரமாகவே காதுபடப் பேசுகிறார்கள், பிள்ளை கொஞ்சம் மந்தம் போல என்று. நிஜமாகவே மந்தம்தானோ? வேலை வேலை என்று தான் ஓடியதால்தானோ?

"ஷிஃப்டை மாத்தித் தரச் சொல்லி சூப்பர்வைசர் கால்ல விழாத குறை டீச்சர். மூணரைக்கு மணி அடிக்கிறப்ப நான் கேட்ல நிக்கணும், என் பொண்ணு ஓடி வரணும். அவ்வளவுதான் என் ஆசை. மாத்திக் கொடுத்துப் பத்து நாளாச்சு. ஒரு நாள்கூட அவ ஓடி வரலை."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தப்பு என்மேலதாம்மா. முன்னாடி நீங்க அஞ்சு மணிக்குத்தான் வருவீங்க. ஒவ்வொரு பிள்ளையா போகப் போக, இவ கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுவா. பார்க்கச் சகிக்கலை. ‘உனக்கு இ சரியா வரலை, உட்கார்ந்து எழுது’ன்னு ஒரு பொய் சொன்னேன். பாடம்னு சொன்னதும் அழுகை நின்னுபோச்சு. அப்பல்லாம் ‘இ’யை அழகாத்தான் போடுவா. நான் பொய் சொன்ன நேரமோ என்னமோ, இப்ப நிஜமாவே வரமாட்டேங்குது."

வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை மாதமாகத் தன் பிள்ளை அழக் கூடாது என்று கூடவே உட்கார்ந்திருந்தவளையா இந்தக் கத்து கத்தினோம்?

"மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்றவள், மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "குட்டி, அம்மாவுக்கு ஒரு ‘இ’ போட்டுக் காட்டு."

குட்டி டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் நாற்காலிகளை ஒதுக்கத் திரும்பிய நேரம் பார்த்துக் கடகடவென்று ஒரு ‘இ’ போட்டாள். அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. போட்ட கையோடு உள்ளங்கையால் அழித்தும் விட்டாள்.

"அடிக் கள்ளி! தெரிஞ்சுக்கிட்டேவா தப்பா எழுதுற?" என்று கிசுகிசுத்த அம்மாக்காரிக்குக் குரல் உடைந்தது. "ஏன்டி, அம்மாகூட வீட்டுக்கு வரப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்மா."

குட்டி எட்டி, அம்மாவின் காதில் வாயை வைத்தாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் இப்ப நீ வந்துடுறியே. டீச்சர் பாவம்மா. அவங்களைக் கூட்டிட்டுப் போக இன்னும் யாருமே வரலை."