பல்லி சொல்லும் முன்னே

ஒரு வீட்டுச் சுவரில் பல்லி ஒன்று கெத்தாக வாழ்ந்துவந்தது. அது உச்சுக்கொட்டினால் போதும், வீட்டுக்காரி செண்பகவல்லி தரையைத் தட்டிக் கும்பிடுவாள். பல்லி சொல்லாமல் புதுச்சேலைகூட உடுத்த மாட்டாள்.

"நிமிஷம் தவறாம உழைக்கிறேன், என்னை யாரும் கும்பிடலையே," என்று புலம்பியது சுவர்க்கடிகாரம்.

"நீ நடக்கிறதைச் சொல்ற. நான் நடக்கப்போறதைச் சொல்றேன்!" என்றது பல்லி.

ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து அலறல் கேட்டது. நிறைமாசக்காரி குமுதா வீட்டில் தனியாக இருந்தாள். குப்பைத்தொட்டிச் சண்டையில் இரண்டு வருஷமாக இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

'போகலாமா கூடாதா, நாமதான் சொல்லணும்' என்று பல்லி விறைத்துக்கொண்டது. எந்தத் திசையிலிருந்து சொல்வது என்று யோசித்து, ஒருவழியாகக் கிழக்கு மூலைக்கு ஊர்ந்துபோய் வாயைத் திறந்தது. வீட்டில் ஆளே இல்லை. செண்பகவல்லியின் செருப்பு வாசலிலேயே கிடந்தது. தெருவில் ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

ஒரு மாதம் கழித்துக் குமுதா பிள்ளையோடு வந்தாள். "அன்னைக்குத் தெய்வம் மாதிரி வந்தீங்கக்கா," என்று அழுதாள்.

"சரி சரி, குப்பைத்தொட்டியை மட்டும் தள்ளி வை," என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள் செண்பகவல்லி.

கடிகாரம் மெல்லக் கேட்டது: "தெய்வம் வந்துச்சாமே, எந்தப் பக்கமாப் போச்சு?"

பல்லி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"வாசல் வழியாத்தான். செருப்புகூடப் போடலை."