பிடிமானம்

கெட்டிமேளம் முழங்கியதும் பெஞ்சமின் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிக் கண்ணருகே தூக்கினான்.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவன் எடுக்கும் முதல் கல்யாணம்.

மணப்பெண் வளர்மதியின் அக்கா கல்யாணத்தையும் அவன்தான் எடுத்திருந்தான். படங்கள் பிடித்துப்போய், தங்கைக்கும் அவனையே கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் அவன் கைக்கு நடந்தது அவர்களுக்குத் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

பழையசீவரம் போகும் வழியில் பைக் சறுக்கி விழுந்ததில் வலது கையின் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் போகும் நரம்பு அடிபட்டுவிட்டது. பார்ப்பதற்கு நல்ல விரல்கள்தான். மடங்கும். ஆனால் எதையும் பிடிக்காது.

பட்டனை அழுத்தும் ஆள்காட்டி விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழுத்துவதற்கு முன் கேமராவைத் தாங்க வேண்டுமே. பெரிய லென்ஸோடு சேர்ந்தால் அது இரண்டரைக் கிலோ.

அதனால்தான் கேமராவின் அடியில் பொருத்தும் கிரிப் ஒன்றும், புறங்கையைச் சுற்றி இறுக்கும் பட்டை ஒன்றும் வாங்கி மாட்டியிருந்தான்.

அவனோடு வீடியோ எடுக்க வரும் வினோத்குமாருக்கு அதில் நம்பிக்கை இல்லை.

“அடியில ஒரு டப்பாவ மாட்டினா வெயிட்டுதான்டா ஏறும். புடி எங்க ஏறும்?”

விரல்கள் செய்யாததைப் புறங்கை செய்யும் என்று பெஞ்சமின் சொல்லிப் பார்த்தான். சொல்லும்போது அவனுக்கே அவ்வளவு நிச்சயமில்லை.

பத்து நாளாக வீட்டில் இதே வேலைதான். அவன் மனைவி பாக்கியமேரி பட்டையை இறுக்கிவிடுவாள். அவன் கேமராவைக் கண்ணருகே தூக்கிப் பிடிப்பான். அவள் எண்ணுவாள். வெறும் கேமராவாக இருந்தபோது இருபதைத் தாண்டவில்லை. கிரிப்பும் பட்டையும் போட்ட பிறகு தொண்ணூறு வரை போனது. ஒரு தாலி கட்ட அவ்வளவு நேரம் ஆகாது என்றாள்.

கூலி வேலைக்குப் போன குடும்பத்தில் கேமராவைத் தொட்ட முதல் ஆள் அவன். இன்று சரிவராவிட்டால் அதை விற்றுவிட்டு, ஒரகடத்தில் ஏதாவது ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நிற்பதென்று முடிவு செய்திருந்தான். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மாப்பிள்ளை ராஜாராம் தாலியை இரு கைகளாலும் எடுத்தான்.

அட்சதையோடு கூட்டம் முன்னால் நெருக்கியது. யாருடைய முழங்கையோ பெஞ்சமினின் மணிக்கட்டில் பலமாக இடித்தது.

வேர்வையில் பட்டை வழுக்கியது. கை அதிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது.

கேமராவின் எடை முழுவதும் அந்த இரண்டு விரல்களின் மேல் இறங்கியது. விரல்கள் விட்டுவிட்டன.

இடது கையாலும் நெஞ்சாலும் அணைத்துப் பிடித்தான். கேமரா கீழே விழவில்லை. ஆனால் லென்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேளம் உச்சத்தில் இருந்தது. தலைக்கு மேல் அட்சதை பறந்தது.

போயிற்று என்று நினைத்தான். இன்னொரு தடவை கட்டுங்கள் என்று யாரிடமும் கேட்க முடியாது.

ஆனாலும் கையை மறுபடி உள்ளே நுழைத்தான். பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினான். தூக்கினான்.

மாப்பிள்ளையின் கைகள் இன்னும் வளர்மதியின் கழுத்தருகிலேயே இருந்தன. முதல் முடிச்சே விழவில்லை.

அழுத்தினான். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். முதல் முடிச்சை ராஜாராம் போட்டான். மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டு முடித்தாள். அதுவரை கேமரா அசையவே இல்லை.

கூட்டம் பந்திக்கு நகர்ந்த பிறகுதான் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். மஞ்சள் கயிற்றின் முறுக்குகூடத் தெளிவாக விழுந்திருந்தது. ராஜாராமின் மேலுதட்டில் பொடிப்பொடியாக வேர்வை. வளர்மதியின் இமையில் ஒட்டியிருந்த ஒரு அரிசி.

பெஞ்சமின் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். எட்டு மாதமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் முழுதாக வெளியே வந்தது போலிருந்தது. திரையைப் போனில் படம் எடுத்து பாக்கியமேரிக்கு அனுப்பினான்.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த வினோத்குமார், கிரிப்பை எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டான். தனக்கும் ஒன்று வேண்டுமாம்.

கிரிப்புதான் காப்பாற்றியது என்று பெஞ்சமினும் சொன்னான்.

சாப்பாடு முடிந்து, மணமக்களைத் தனியாக நிறுத்தி எடுக்கும் நேரம் வந்தது. ராஜாராம் மாலையைச் சரிசெய்தபடி சிரித்தான்.

“தாலி கட்டுற நேரம் பாத்து இவ என் கையக் கெட்டியா புட்சிக்கினாண்ணா. வுடவே இல்ல. வேணாம்னு சொல்லிடப் போறாளோன்னு எனக்கு வேர்த்துப்பூட்ச்சி.”

வளர்மதி பெஞ்சமின் பக்கம் திரும்பினாள். பட்டைக்குள் இருந்த அவன் கையை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“படம் வந்துச்சாண்ணா?”